ஃபோட்டோவை ஓவியமாக்க எந்த மென்பொருள்? ஒரு செட்டிநாட்டு வீட்டின் மூன்று படங்களை வைத்து ஓர் ஒப்பீடு

கார்த்திகைக் கடைசியில் கானாடுகாத்தான் பக்கமிருந்து ஓர் ஆச்சி கடைக்கு வந்தார். கைப்பையில் துணியில் சுற்றிய ஒரு பழைய படம், செல்போனில் இரண்டு படம். தை மாதம் அவர் வீட்டுச் செட்டியாருக்கு எழுபது நிறைந்து பீமரத சாந்தி வருகிறது. அதற்குள் பட்டாலைச் சுவரில் மூன்று படங்களை மாட்டிவிட வேண்டும்.

"ஃபோட்டோவா வேணாம் தம்பி, வரைஞ்ச மாதிரி இருக்கணும். ஆனா எங்க வீடு எங்க வீடாத்தான் தெரியணும்" என்றார்.

செல்போனில் இருந்தவை வீட்டு முகப்பும், நடு முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல், அதாவது பூக்கல் தரை, பதித்த வளவும். துணிக்குள் இருந்தது அவருடைய ஆத்தா, அதாவது அம்மா. அப்பச்சியின் (அப்பாவின்) சாந்தியன்று கழுத்திரு அணிந்து உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம், ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

காரைக்குடியில் ஸ்டூடியோ, பிரிண்டிங், ஃபிரேம் என்று எந்தக் கடை வைத்திருந்தாலும் இப்படி ஒரு வேண்டுகோள் மாதத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. கடைக்கு வராமல் வீட்டிலேயே செய்து பார்க்க நினைக்கிறவர்கள், "எந்த சாஃப்ட்வேர் போடணும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. ஆச்சியின் மூன்று படங்களையும் வெவ்வேறு மென்பொருளில் போட்டுப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதைச் சொல்கிறேன்.

படத்தை ஓவியம்போலக் காட்டும் ஆசை நம் ஊருக்குப் புதிதில்லை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அவருடைய படங்கள் கல்லச்சில் வந்து இங்குள்ள வீட்டுச் சுவர்களில் ஏறின. தைல ஓவியம் வாங்க முடியாதவரும் தைல ஓவியம்போல ஒன்றை மாட்டிக்கொள்ள முடிந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பஞ்சாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் வண்ணம் ஏற்றித் தந்த ஸ்டூடியோக்காரர்களின் வேலையை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் பார்க்கலாம். சேலைக் கரையிலும் நகையிலும் மட்டும் நிறம் இருக்கும். முகத்தில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. அந்த அடக்கம் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மென்பொருளுக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஆச்சிக்கு 24க்கு 18 அங்குலத்தில் படம் வேண்டும். அவர் மகன் முகப்புப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். திறந்து பார்த்தால் 1600க்கு 1200 பிக்சல்தான் இருந்தது. 24 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 66 பிக்சல். எந்த ஃபில்டர் போட்டாலும் உருப்படாது. அதையே டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். 4000க்கு 3000 பிக்சலுடன் அசல் வந்தது. இப்போது அங்குலத்துக்கு 166. புத்தகத்தில் அச்சிடும் படத்துக்கு 300 கேட்பார்கள். சுவரில் நாலு அடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 150 இருந்தாலே போதும், அதுவும் ஓவியத் தோற்றம் என்றால் கண் இன்னும் தாராளமாக மன்னிக்கும்.

இதே கணக்கில் இன்னொரு குழி உண்டு. அதில் நானே விழுந்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு கல்யாண வீட்டுப் படத்துக்கு ஆயில் பெயிண்ட் எஃபெக்ட் கொடுத்து 30 அங்குலத்தில் போட்டேன். கம்ப்யூட்டர் திரையில் தீற்றல் தீற்றலாக அருமையாகத் தெரிந்தது. சுவரில் தொங்கியபோது தீற்றல் ஒன்றையும் காணோம். ஃபோகஸ் தப்பிய ஃபோட்டோபோல ஒரு கலங்கல்தான். காரணம் இதுதான்: ஃபில்டரில் நாம் வைக்கும் பிரஷ் அளவு பிக்சல் கணக்கு. திரையில் சுருக்கிப் பார்க்கும்போது கண்ணுக்கு அழகாக இருந்த அளவு, தாளில் அரை மில்லிமீட்டராகிவிடும். நாலு மில்லிமீட்டர் அகலத்தில் தீற்றல் தெரிய வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 166 பிக்சல் உள்ள படத்தில் பிரஷ் சுமார் 26 பிக்சல் இருக்க வேண்டும். எந்த மென்பொருளானாலும் படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டி A4 தாளில் உண்மையான அளவில் அச்சடித்து, சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

சரி, செல்போனிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் வரை போகவே தேவை இருக்காது.

ஸ்னாப்சீட் கூகுளின் இலவச ஆப். நிக் சாஃப்ட்வேர் நிறுவனம் 2011இல் கொண்டுவந்தது, அடுத்த வருடமே அந்த நிறுவனத்தைக் கூகுள் வாங்கிக்கொண்டது. விண்டேஜ், கிரஞ்ச், ட்ராமா, கிரெய்னி ஃபிலிம், டபுள் எக்ஸ்போஷர் என்று எஃபெக்ட் வரிசை இருக்கிறது. ஓவியமாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய படத்தின் வாடையை ஏற்றுவதில்தான் அது கெட்டி. எனக்கு அதில் மிகவும் பிடித்தது எடிட் வரலாற்றுக்குள் போய், போட்ட எஃபெக்டை விரலால் தடவி வேண்டிய இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி. முகப்புச் சுதைக்கு ட்ராமா கொடுத்துவிட்டு வானத்தை அப்படியே விட்டுவிடலாம். இப்படி விடாவிட்டால் ஓட்டுக் கூரைக்கு மேலே வெள்ளையாக ஒரு விளிம்பு கட்டும். நம் ஊர் வெயிலில், வெளுத்த வானத்துக்கு எதிராக எடுத்த எல்லா வீட்டுப் படத்திலும் இந்த விளிம்பு வரும். சாந்தி அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்ப, ஸ்டேட்டஸ் வைக்க, இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அடுத்தது ஏஐ ஆப்கள். இதில் இரண்டு வகை இருக்கிறது, எல்லாரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வகை, ஓர் ஓவியத்தின் பாணியை எடுத்து நம் ஃபோட்டோவின் மேல் பூசுவது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து ஆய்வாளர்கள் மூவர் 2015இல் இந்த முறையை வெளியிட்டார்கள். தங்கள் ஊர் ஆற்றங்கரை வீடுகளின் ஃபோட்டோவை வான்கோ பாணியில் மாற்றிக் காட்டினார்கள். அடுத்த வருடம் பிரிஸ்மா ஆப் வந்து அதை எல்லார் கைக்கும் கொண்டுவந்தது. இந்த வகை கட்டடத்தின் அமைப்பைக் கலைக்காது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சுழியைப் போட்டுவிடும். வானத்திலும் அதே சுழி, தூணிலும் அதே சுழி. ஆச்சி வீட்டு வளவில் பர்மாத் தேக்குத் தூண் வழவழவென்று நிற்பதும் கீழே பூக்கல் பளபளப்பதும்தானே விசேஷம்? வழவழப்பும் பளபளப்பும் போய் எல்லாம் கம்பளித் துணிபோல ஆகிவிட்டது.

இரண்டாம் வகை, படத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்றை வரைந்து தருவது. ஆத்தா படத்தை அப்படி ஓர் ஆப்பில் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் வந்த படத்தைக் கடையில் இருந்த எல்லாரும் ஆகா என்றார்கள். உண்மையிலேயே அழகுதான். மறுநாள் ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது யாரு தம்பி?"

மூக்கு கொஞ்சம் கூராகியிருந்தது, தாடை ஒடுங்கியிருந்தது. அதைவிட, கழுத்திரு போய் அந்த இடத்தில் ஏதோ நாலு வடச் சங்கிலி வந்திருந்தது. செட்டிநாட்டு ஆச்சிமார் கழுத்தில் கல்யாணத்தன்றும் சாந்தியன்றும் ஏறுகிற நகை அது. அதன் உருப்படிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. மஞ்சள் கயிற்றில் கோத்த அந்த அமைப்பை அந்த ஆப் பார்த்ததில்லை, அல்லது பார்த்தும் அதற்குத் தெரிந்த சங்கிலியாக்கிக்கொண்டது. முன்பின் தெரியாதவர் படத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. சுவரில் மாட்டிப் பூப்போட்டுக் கும்பிடப் போகிற முகத்துக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. படம் யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போகிறது என்பதும் சில வீடுகளில் உறுத்தும்.

இனி கம்ப்யூட்டர். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபோட்டோஸ்கெச்சர் என்று சின்னதாக ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. படத்தைத் திற, பென்சில், வாட்டர்கலர், ஆயில் என்று ஒன்றைத் தேர்ந்தெடு, இரண்டு மூன்று ஸ்லைடரை நகர்த்து, முடிந்தது. லேயர் (படத்தை அடுக்கடுக்காக வைத்து வேலை செய்யும் வசதி) கிடையாது, கற்றுக்கொள்ளவும் அதிகமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு மதியத்தில் பழகிவிடுவார்கள். அதில் கிடைப்பது அது தருவதுதான், நம் இஷ்டத்துக்கு வளையாது.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது ஜிம்பில். 1990களின் நடுவில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய மென்பொருள், இன்றும் முழு இலவசம், பழைய 4 ஜிபி கம்ப்யூட்டரிலும் முனகிக்கொண்டாவது ஓடும். மெனுவைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் யூடியூப் பாடங்கள் எல்லாம் ஆங்கில மெனுப் பெயரையே சொல்வதால் நான் மாற்றவில்லை. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஒரு பெரிய குறை தீர்ந்தது: ஃபில்டரைப் போட்டுவிட்டுப் பிறகும் அதன் அளவைத் திருத்தலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். முன்பெல்லாம் போட்டது போட்டதுதான்.

முதலில் வளவுப் படத்துக்கு அதிலுள்ள ஆயிலிஃபை போட்டேன். பூக்கல் தரை நாசமாகிவிட்டது. ஏன் என்பது தெரிந்தால் நீங்கள் அரை நாள் மிச்சம் பிடிக்கலாம். ஆயிலிஃபை செய்வது ஒருவகை ஓட்டெடுப்பு. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் எந்த வெளிச்ச அளவுள்ள புள்ளிகள் அதிகமோ அதை நடுப்புள்ளிக்குக் கொடுத்துவிடும். பெரும்பான்மைதான் ஜெயிக்கும். இலை, மேகம், சேலை மடிப்பு போன்றவற்றில் இது திட்டுத்திட்டாகத் தைல வண்ணம்போல வரும். ஆத்தங்குடிக் கல்லில் பூவைச் சுற்றி ஓடும் கோடு மெல்லியது; வட்டத்தைவிடச் சின்ன எதுவும் ஓட்டில் தோற்றுப்போகும். கோடு போனால் அந்தக் கல்லில் என்ன மிச்சம்?

அந்தக் கல் எப்படிச் செய்யப்படுகிறது என்று யோசித்தபோதுதான் வழி கிடைத்தது. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளை கிடையாது, பளபளப்பு கண்ணாடியிடமிருந்து வருவது. ஆக, ஒரு நிறம் முடிகிற இடத்தில் அடுத்த நிறம் தொடங்குகிறது, நடுவே இழைவு இல்லை. அது ஏற்கெனவே ஒரு போஸ்டர்! அதைத் தைல ஓவியமாக்க முயல்வதைவிட, ஃபோட்டோ எடுத்தபோது மேலே படிந்த நிழலையும் தூசியையும் நீக்கிப் பழைய தட்டை நிறத்துக்குக் கொண்டுபோனால் போதும்.

அதற்கு ஜிமிக் என்ற இலவசச் செருகுநிரல் உதவியது. பிரான்ஸின் கான் நகரத்து ஆய்வுக்கூடத்தில் உருவானது. நூற்றுக்கணக்கான ஃபில்டர் கொண்டது. ஜிம்பில் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். அதில் அனிசோட்ரோபிக் ஸ்மூத் என்று ஒன்று, விளிம்பின் திசையிலேயே நீவும், விளிம்பைத் தாண்டி நீவாது. கோலத்தை அழிக்காமல் வாசலைத் துடைக்கிற மாதிரி. குவஹாரா என்று இன்னொன்று, 1976இல் இதயத்தின் மருத்துவப் படங்களைத் தெளிவாக்க ஜப்பானில் உருவானது. ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு பக்கத்துச் சதுரங்களையும் பார்த்து, எது சலனமில்லாமல் இருக்கிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் ஓரம் கூராகவும் உள்ளே தட்டையாகவும் வரும். இரண்டையும் போட்டுப் பார்த்து, வளவுக்கு முதலாவதை வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் போஸ்டரைஸ் போட்டு நிறப்படிகளைக் குறைத்தேன். பூக்கல், பூக்கல்லாகவே இருந்துகொண்டு வரைந்த படமானது. 12 மெகாபிக்சல் படத்துக்கு இந்த ஃபில்டர்கள் சில நிமிடம் எடுக்கும். எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம்.

முகப்புக்குப் பேனாக் கோட்டோவியம். இது எந்த ஃபில்டரும் வாங்காமல், லேயரை மட்டும் வைத்துச் செய்கிற பழைய வித்தை. முதலில் ஹீல், குளோன் கருவிகளால் மின்கம்பி, டிஷ் ஆன்டெனா, வாசலில் நின்ற ஸ்கூட்டி எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும். பிறகு செய்வது கஷ்டம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அந்த லேயரை நகலெடுத்து, நகலை நெகட்டிவ் ஆக்குங்கள். நகலின் மோடை (கீழே உள்ள லேயரோடு அது கலக்கும் விதத்தை) டாட்ஜ் என்று மாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பில் இதன் பெயர் கலர் டாட்ஜ். திரை முழுக்க வெள்ளையாகிவிடும். பயப்பட வேண்டாம், படமும் அதன் நெகட்டிவும் ஒன்றையொன்று தின்றுவிட்டன, அவ்வளவுதான். இப்போது நெகட்டிவுக்கு மட்டும் காசியன் பிளர் கொடுத்து மங்கலாக்குங்கள். இரண்டும் பிசகும் இடம், அதாவது விளிம்புகள் மட்டும், கறுப்பாக எழுந்து வரும். பிளர் 4, 5 பிக்சல் என்றால் ஊசிக்கோடு. 20ஐத் தாண்டினால் கரித்துண்டால் தேய்த்தது மாதிரி நிழல் சேரும். முகப்புக்கு 12 வைத்தேன். சுதைச் சிற்பம், ஜன்னல் கம்பி, ஓட்டு வரிசை ஒவ்வொன்றும் கோடாக வந்து நின்றபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், இருபது வருடமாகப் பார்த்துவருகிற இந்த மாதிரி வீட்டை அன்றைக்குத்தான் உண்மையில் பார்த்தேன்.

அந்தக் கோட்டு லேயருக்குக் கீழே அசல் நிறத்தைப் பாதியாக வெளுத்து, நன்றாக நீவி வைத்தால், வாட்டர்கலர் கசிந்த சாயல் கிடைக்கும். கோடு நிறத்தின் எல்லையைக் கொஞ்சம் தாண்டிப் போனால்தான் கை வேலை மாதிரி இருக்கும், அதனால் நிற லேயரைச் சில பிக்சல் தள்ளியே வைத்தேன்.

ஒரு விஷயம்: காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் எடுத்த படம் இந்த வித்தைக்கு நன்றாக ஒத்துழைக்கிறது. மதிய வெயிலில் எடுத்தால் தாழ்வாரம் முழுவதும் ஒரே இருட்டுத் திட்டு. இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் கோடாக்காது.

கிரிட்டா வேறு ஜாதி. அதுவும் இலவசம்தான், ஜிமிக்கும் அதன் ஃபில்டர் மெனுவிலேயே கிடைக்கும். ஆனால் அது வரைகிறவர்களுக்காகச் செய்தது. ஃபோட்டோவை அடியில் வைத்து, மேலே புது லேயரில், ஈர வண்ணத்தை இழுக்கிற மாதிரியான ஸ்மட்ஜ் பிரஷ்களால் தீற்றிக்கொண்டே போக வேண்டும். எங்கே விவரம் வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்று கை முடிவு செய்கிறது. ஃபில்டர் ஒருநாளும் செய்யாத வேலை இது. மவுஸால் ஒன்றும் நடக்காது. சில ஆயிரம் ரூபாயில் ஒரு பென் டேப்லெட் வேண்டும், அதைவிட முக்கியமாக, வரையத் தெரிந்த ஒரு கை வேண்டும். எங்கள் கடையில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். முகப்பை முழுவதும் கிரிட்டாவில் வரைய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "அண்ணே, கூரையில எத்தனை ஓடு இருக்குன்னு எண்ணிட்டுச் சொல்றேன்" என்றாள். விட்டுவிட்டேன். அந்த உழைப்புக்கு நம் பக்கத்து வாடிக்கையாளர் கொடுக்கத் தயாராக இருக்கும் காசு கட்டாது.

ஃபோட்டோஷாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1990இலிருந்து இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. ஓவியத் தோற்றத்துக்கென்று மூன்று கருவிகளைச் சொல்வேன். ஆயில் பெயிண்ட் ஃபில்டர் 2012இல் வந்து, நடுவில் ஒரு பதிப்பில் காணாமல் போய், திரும்பி வந்தது. தீற்றலின் நீளம், அகலம், பிரஷ் மயிரின் தடம், எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது என்பது வரை நகர்த்தலாம், ஜிம்பின் ஆயிலிஃபையைவிட நிச்சயம் ஒரு படி மேல். ஃபில்டர் கேலரியில் டிரை பிரஷ், கட்அவுட், போஸ்டர் எட்ஜஸ் என்று பழைய சரக்குகள் உண்டு. 8 பிட் படத்தில் மட்டும் வேலை செய்யும். மிக்சர் பிரஷ், கேன்வாஸில் இருக்கும் நிறத்தோடு கலந்து தீற்றும். படத்தை முதலில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டு ஃபில்டர் போட்டால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். விலைக்கு ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரும் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. கல்யாண ஆல்பம் போடுகிறவர்களுக்கு எப்படியும் இருக்கும், அவர்கள் வேறெதையும் தேட வேண்டாம். மூன்று படத்துக்காக மட்டும் சந்தா கட்டுவது, ஒரு கிலோ அரிசிக்கு ரைஸ்மில் வைப்பது மாதிரி. க்ராக் பதிப்பு இருக்கிறதே என்பீர்கள். அதைப் போட்டு வைரஸ் புகுந்து ஒரு சீசன் முழுவதும் சேர்த்த வேலையை இழந்தவன் சொல்கிறேன், வேண்டாம்.

எப்போதாவது ஒருமுறை செய்கிறவர்களுக்குப் பிரவுசரில் ஓடும் ஃபோட்டோபியா போதும். நிறுவ வேண்டியதில்லை, ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. ஃபைலையும் திறக்கும், மெனு ஏறக்குறைய ஃபோட்டோஷாப்தான். ஓரத்தில் விளம்பரம் ஓடும். மேலே சொன்ன கோட்டோவிய வித்தையை அதிலும் அப்படியே செய்யலாம்.

ஆத்தா படத்துக்கு வருகிறேன். இதில் மென்பொருளை நிர்ணயித்தது ஆச்சிதான். பழைய படத்தைச் செல்போனில் எடுக்காதீர்கள். கண்ணாடியின் பிரதிபலிப்பும் கோணலும் சேரும். ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 வைத்தால் 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாக வரும். பூஞ்சைப் புள்ளிகளை ஜிம்பின் ஹீல் கருவியால் ஒவ்வொன்றாக எடுத்தோம், அதற்கே ஒரு பகல் போனது. அதன் பிறகு எந்த ஃபில்டரும் போடவில்லை. பழைய ஸ்டூடியோக்காரர் செய்ததையே செய்தோம்: சேலைக்கு ஒரு லேயர், கரைக்கு ஒன்று, நகைக்கு ஒன்று, உதட்டுக்கும் கன்னத்துக்கும் மிக மெல்லியதாய் ஒன்று, எல்லாம் கலர் மோடில். வெளிச்சமும் நிழலும் அசல் படத்துடையதாகவே இருக்கும், நிறம் மட்டும் மேலே ஏறும். சேலை என்ன நிறம் என்று கேட்டோம். "அரக்குப் பட்டு, மாம்பழ மஞ்சள் கரை" என்று யோசிக்காமல் சொன்னார். கழுத்திருவின் உருப்படிகள் ஒன்றோடொன்று குழம்பாமலிருக்க, அந்தப் பெண் கிரிட்டாவில் ஒவ்வொன்றின் ஓரத்தையும் பேனாவால் தொட்டுக் கொடுத்தாள். முகத்தில் பேனா படவில்லை.

ஆக, எங்கள் மூன்று படத்துக்கும் கைகொடுத்தது ஜிம்பும் ஜிமிக்கும், நகைக்கு மட்டும் கிரிட்டா. செலவு நேரம் மட்டும்தான். நீங்கள் வீட்டில் செய்வதாக இருந்தால், கம்ப்யூட்டர் இருந்து பத்துப் பதினைந்து மணி நேரம் பழகப் பொறுமையும் இருந்தால் நானும் இதையே சொல்வேன். பொறுமை இல்லையென்றால் கட்டடத்துக்கு ஃபோட்டோஸ்கெச்சர், வாட்ஸ்அப்புக்கு ஸ்னாப்சீட்.

அச்சிலும் ஒரு தேர்வு இருக்கிறது. வளவைக் கேன்வாஸில் போட்டோம். நிறப்பரப்பு அதிகம் என்பதால் துணியின் நெசவு அதற்கு அழகு கூட்டுகிறது. சட்டத்தில் மடிக்க ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாகப் படம் விட வேண்டும், இல்லையென்றால் ஓரத்துத் தூண் பக்கவாட்டுக்குப் போய்விடும். முகப்பைக் கேன்வாஸில் போடவே கூடாது, மெல்லிய கோடுகளை நெசவு விழுங்கிவிடும்; அது மேட் ஆர்ட் தாளில். ஆத்தா, அதே பழைய தேக்கு ஃபிரேமில், கண்ணாடிக்குள்.

போன வாரம் மாதிரி அச்சுகளைப் பார்க்க ஆச்சி வந்தார். ஆத்தாவை வெகு நேரம் கையில் வைத்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. முகப்பைப் பார்த்ததும், "அந்தக் கரண்டு ஒயர் போனதே நல்லது" என்றார். அப்புறம் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"தம்பி, இந்தக் கோட்டுப் படத்தையே தாம்பூலம் கொடுக்கிற மஞ்சப் பையில போட முடியுமா? முந்நூறு பை."

துணியில் ஒற்றை நிற ஸ்கிரீன் அச்சு என்றால் நடுவில் சாம்பல் நிறமே இருக்கக் கூடாது, கறுப்பு அல்லது ஒன்றுமில்லை. ஜிம்பில் திரெஷோல்டு போட்டேன். தூண்கள் நின்றன, ஜன்னல்கள் நின்றன. வாசலுக்கு மேலே இருக்கும் சுதைக் கஜலட்சுமி மட்டும் இரண்டு யானையும் தாயாரும் ஒட்டி ஒரே கறுப்புத் திட்டானது. எந்த ஸ்லைடரை எங்கே நகர்த்தினாலும் யானை பிரிய மறுக்கிறது. கிரிட்டாவில் கையால் வரைவது கட்டாது என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, இப்போது அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் அந்தப் பெண் கிரிட்டாவில்தான் வரைந்துகொண்டிருக்கிறாள். இடது பக்க யானை முடிந்துவிட்டது.